முதலில் எதைத் திறப்பது?

கொரோனா காலத்தில் தமிழ்நாட்டில் எந்தக் கதவு எப்போது திறந்தது என்று சமீபத்தில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 2020 மே 7, சென்னை தவிர்த்த பெரும்பாலான ஊர்களில் டாஸ்மாக். மே 11, டீக்கடை, அதுவும் பார்சல் மட்டும். மே 19, கிராமத்து சலூன். மே 24, சென்னை தவிர மற்ற நகரங்களில் சலூன். செப்டம்பர் 1, பெரிய கோயில்கள். செப்டம்பர் 7, மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பேருந்து. நவம்பர் 10, தியேட்டர். அப்புறம் தாளில் நிறைய இடம் விட்டுக் கீழே வந்தால், 2021 நவம்பர் 1, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

ஊரடங்கைத் தளர்த்தலாமா கூடாதா என்று அந்த இரண்டு வருடமும் நாம் போட்ட சண்டைக்கெல்லாம் பதில் இந்த வரிசையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தொலைக்காட்சியில் தினமும் ராத்திரி "உயிரா, பிழைப்பா" என்று நாலு பேரை உட்கார வைத்துக் கத்த விட்டார்கள். உண்மையில் முழுசாக மூடியே வைக்கச் சொன்னவரும் யாரும் இல்லை, எல்லாவற்றையும் நாளைக்கே திறக்கச் சொன்னவரும் அதிகம் இல்லை. எது முதலில், யார் முடிவு செய்வது, மூடியிருக்கும் நாளுக்கு யார் காசு கொடுப்பது, இவ்வளவுதான் கேள்வி. அதை மட்டும் யாரும் நேராகக் கேட்கவில்லை.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது. ஒருபக்கம் என் சித்தப்பா. மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். இன்னொரு பக்கம் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, வேறு மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில் செவிலியர். சித்தப்பா காலையில் கடை திறக்க முடியாத கடுப்பில் ஒரு வாய்ஸ் நோட் போடுவார். அக்கா டூட்டி முடிந்து, குளித்து, சாப்பிட்டு, ராத்திரி பதில் போடுவார். நடுவில் மற்றவர்கள் கும்பிடு போட்டுக்கொண்டிருப்போம்.

"சித்தப்பா, நீங்க கடையப் பாக்குறீங்க, நான் கட்டிலப் பாக்குறேன். இருக்குற கட்டிலு இவ்வளவுதான்" என்பார் அக்கா.

"கட்டிலக் கூட்டச் சொல்லும்மா. அதுக்குத்தான நாங்க உள்ள உக்காந்துருக்கோம்" என்பார் சித்தப்பா.

இதைவிடச் சுருக்கமாக அந்த விவாதத்தை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. ஊரடங்கு நோயைக் குணப்படுத்தாது. அது நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று எங்கள் ஊர் ராஜாஜி அரசு மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. அதற்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், பன்னிரண்டு மணிக்கு நாடு மூடப்பட்டது. நாலு மணி நேர அவகாசம். அந்த நேரத்தில் பரிசோதனைக் கூடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன, பாதுகாப்பு உடை இல்லை, இந்த நோய்க்கு என்ன மருந்து கொடுப்பது என்றே தெளிவில்லை. அன்றைக்கு மூடியதை நான் குறை சொல்ல மாட்டேன். மூடிய விதத்தைச் சொல்வேன். அடுத்த வாரத்திலிருந்து, "வாங்கின நேரத்தில் என்ன செய்தீர்கள்" என்று கேட்பதற்கு மூடிக் கிடந்த ஒவ்வொரு கடைக்காரருக்கும் உரிமை இருந்தது.

நியாயமாகச் சொன்னால் தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. பரிசோதனைக் கூடங்கள் மளமளவென்று வந்தன. மற்ற மாநிலங்கள் வேகப் பரிசோதனைக்குப் போனபோதும் இங்கே ஆர்டிபிசிஆர் பரிசோதனையையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் மூடுவதிலும் திறப்பதிலும் இருந்த அவசரம் பல இடங்களில் அந்த வேலையைக் கெடுத்தது. ஏப்ரல் 26 முதல் சென்னை, மதுரை, கோவையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று 24ஆம் தேதி சொன்னார்கள். 25ஆம் தேதி காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட்டம் கூடக் கூடாது என்று போட்ட உத்தரவுதான் அந்தக் கூட்டத்தைக் கூட்டியது.

கோயம்பேட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கே தொற்று பரவிவிட்டது. மூடியதும் சுமை தூக்கும் தொழிலாளர்களும் வியாபாரிகளும் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று வரிசையாக எண்ணிக்கை ஏறியது. மூட வேண்டிய நேரத்தில் மூடாததும் தப்பு, மூடும்போது உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று யோசிக்காததும் தப்பு. "திறந்தது தப்பா, மூடியது தப்பா" என்று ஒரு வரியில் கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது.

அதே வாரத்தில்தான் டாஸ்மாக்கைத் திறந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி, நாற்பதிலிருந்து ஐம்பது வரை 1 முதல் 3, நாற்பதுக்குக் கீழே 3 முதல் 5 என்று நேரம் ஒதுக்கினார்கள். கொரோனாவால் அதிகம் சாகிறவர்கள் வயதானவர்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, நம் ஊரில் பெரியவர்களுக்கு முதல் பந்தி. ஒரே நாளில் 150 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. இடைவெளி விடவில்லை என்று மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போய் மே 15 அன்று தடை வாங்கி, 16ஆம் தேதி டோக்கன் வைத்து மறுபடி திறந்தது.

இதற்குக் காரணம் தெரியாமல் இல்லை. ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலத்தின் கையில் மிச்சமிருக்கும் பெரிய வரிகள் மதுவும் பெட்ரோலும்தான். வண்டி ஓடவில்லை என்றால் பெட்ரோல் வரி இல்லை. மே 3 அன்று பெட்ரோலுக்கு 3.25 ரூபாயும் டீசலுக்கு 2.50 ரூபாயும் ஏற்றினார்கள், அது போதவில்லை. பணத்துக்காகத்தான் திறக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பாதிக் கோபம் குறைந்திருக்கும். பக்கத்து மாநிலங்களில் திறந்துவிட்டார்கள், எல்லை தாண்டிப் போய்க் குடிக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். எங்கள் தெரு சலூன்காரருக்கு வந்த கோபம் வேறு. "அண்ணே, அங்க ஐந்நூறு பேரு நிக்கலாம், இங்க ஒருத்தரு உக்காரக் கூடாதா?" என்று கேட்டார். முகத்துக்கு நேரே குனிந்து வேலை செய்யும் தொழில், ஆபத்து இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஜூன் மாதம் முடி வெட்டிக்கொள்ள வருபவர்களின் ஆதார் எண்ணைக் குறித்து வைக்கச் சொன்னதும் அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக் கண்ணாடி முன்னால் கட்டித் தொங்கவிட்டார். பாதி வாடிக்கையாளர்கள் ஆதாரை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். போன் நம்பரை எழுதிக்கொண்டு வெட்டிவிட்டார்.

சித்தப்பா கடைக்கு மே 11 அன்றே அனுமதி வந்துவிட்டது. 34 வகைக் கடைகள் கொண்ட பட்டியலில் ஜெராக்ஸும் இருந்தது. குழுவில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னோம். கடையைத் திறந்து, மெஷினைத் துடைத்து, உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. பள்ளிக்கூடம் மூடியிருக்கிறதே, யார் வருவார்கள்? ஓட்டாமல் போட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று வெற்றுத் தாளை நாலைந்து முறை உள்ளே விட்டு எடுப்பார். மழை ஈரத்தில் பேப்பர் பண்டல் நமத்துப் போகும், தாள் உள்ளே சிக்கும், எடுத்து வெயிலில் காய வைப்பார். பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 15இல் நடந்தால் நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். ஜூன் 9 அன்று எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். தேர்வை ரத்து செய்தது சரிதான் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் கடையை மத்தியானமே சாத்திவிட்டு வந்தார்.

தளர்வு என்று அரசு அறிவித்தால் தொழில் தானாக நடந்துவிடாது என்பதை நான் அவர் கடையில்தான் பார்த்தேன். ஒரு கடை இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பேருந்து ஓடாமல் பேருந்து நிலையத்து டீக்கடைக்கு அனுமதி கொடுத்து என்ன பயன்? மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணையை ஆகஸ்ட் 31 வரை தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. தள்ளிப்போட்டார். வட்டி தள்ளிப்போகவில்லை.

அப்புறம் அவருக்கு ஒரு தொழில் கிடைத்தது. இ-பாஸ்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, மருத்துவ அவசரம் போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். ஆதாரை ஸ்கேன் பண்ண வேண்டும், கல்யாணப் பத்திரிகையை ஏற்ற வேண்டும், மருத்துவர் சீட்டை ஏற்ற வேண்டும். நானும் சில நாள் சாயங்காலம் அங்கே உட்கார்ந்து உதவினேன். அந்த நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்டால் அரசாங்கத்தின் பட்டியல் எவ்வளவு சிறியது என்று தெரியும். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவியையும் இன்னும் பார்க்காத குழந்தையையும் பார்க்க வேண்டும் என்றார் ஒருவர். அதற்குக் கட்டம் இல்லை. "மருத்துவம்" என்று போடலாமா என்று கேட்டார். தேனிப் பக்கம் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை என்று ஒருவர். இருக்கிறவரைச் செத்தவராக எழுத மனசு வராமல், தூரத்துச் சொந்தக்காரர் யாராவது செத்திருக்கிறார்களா என்று அங்கேயே உட்கார்ந்து போனில் விசாரித்த ஒரு அம்மா. முதல் தடவை நிராகரிப்பு, இரண்டாவது நிராகரிப்பு, மூன்றாவது கிடைக்கும். ஏன் நிராகரித்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாங்கித் தருகிறேன் என்று காசு பிடுங்கியவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

மாநிலத்துக்குள்ளும் மாநிலங்களுக்கு இடையிலும் போய்வரத் தனி அனுமதி தேவையில்லை என்று ஒன்றிய உள்துறை ஜூலை கடைசியிலேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு விடவில்லை. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் உடனே இ-பாஸ் என்றார்கள். எல்லோருக்கும் கொடுக்கிற பாஸை எதற்குக் கொடுக்க வேண்டும்? செப்டம்பர் 1 அன்று ஒழித்தார்கள். சித்தப்பாவுக்கு அந்த வருமானமும் போனது. "இது போனதுக்கு மட்டும் நான் வருத்தப்பட மாட்டேன்டா" என்றார்.

கட்டுப்பாடு நீளும்போது அதை அமல்படுத்துகிறவர் கையில் அதிகாரமும் நீள்கிறது. எங்களுக்கு வந்த தொல்லை நிராகரிப்போடு முடிந்தது. அந்த ஜூன் மாதத்தில்தான் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்தைத் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி போலீஸ் அழைத்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். தளர்த்தலாமா வேண்டாமா என்ற கணக்கில் தொற்று எண்ணிக்கையையும் வருமான இழப்பையும் மட்டும் போடுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

யார் முடிவு செய்தார்கள் என்பதும் கடைசிவரை புகைமூட்டம். மருத்துவ நிபுணர் குழு இருந்தது. தேசிய நோய்ப் பரவியல் நிறுவனத்தின் பிரப்தீப் கவுர் போன்றவர்கள் கூட்டம் முடிந்து வெளியே வந்து செய்தியாளர்களிடம் பேசுவார்கள். ஜூன் 29 அன்று முழு ஊரடங்கை நாங்கள் பரிந்துரைக்கவில்லை, அதுவே தீர்வாகாது என்றார்கள். அன்றே சென்னையிலும் மதுரையிலும் முழு ஊரடங்கை ஜூலை 5 வரை நீட்டித்து அறிவிப்பு வந்தது. நிபுணர்கள் சொன்னதைத்தான் அரசு கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிவெடுப்பது அரசின் வேலைதான். ஆனால் அவர்கள் வேண்டாம் என்றதை இன்ன காரணத்தால் செய்கிறோம் என்று ஒரு பக்கம் எழுதி வெளியிட்டிருக்கலாமே. அந்த வருடம் மீனாட்சி திருக்கல்யாணத்தை மே 4 அன்று கைப்பேசியில் பார்த்துவிட்டு, அழகர் ஆற்றில் இறங்காததையும் பொறுத்துக்கொண்ட ஊர் இது. காரணத்தைச் சொன்னால் கேட்டிருக்கும்.

2021 மே மாதம் எல்லாம் மாறிவிட்டது. ஆட்சியும்தான். இரண்டாம் அலையில் சித்தப்பா அரசு சொல்வதற்கு முன்பே கடையைப் பூட்டிவிட்டார். மே 10 முதல் ஊரடங்கு. மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அக்காவின் வாய்ஸ் நோட்டுகள் நின்றுபோயின. எப்போதாவது ஒரு வரி வரும்: "ஆக்சிஜன் இருக்கு, கட்டில் இல்ல." இன்னொரு நாள் அதுவே தலைகீழாக வரும். அந்த மாதம் குழுவில் திறப்பதைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

அந்த நேரத்திலும் பழைய பிழையை ஒருமுறை செய்தார்கள். 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லா ஊரடங்கு என்று சொல்லி, 22, 23 இரண்டு நாளும் எல்லாக் கடைகளையும் திறக்கவிட்டுப் பேருந்தும் ஓட்டினார்கள். உச்சத்தில் இருக்கும்போது ஊரையே தெருவில் விட்ட மாதிரி. ஆனால் தளர்த்தும்போது முந்தைய ஆண்டைவிட நன்றாகச் செய்தார்கள் என்பேன். சட்டமன்றக் கட்சிகளை எல்லாம் உட்கார வைத்துப் பேசினார்கள், முந்தைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரையும் ஆலோசனைக் குழுவில் சேர்த்தார்கள். ஜூன் 7 முதல் கோவை, திருப்பூர், ஈரோடு, தஞ்சாவூர் உள்ளிட்ட தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு ஒரு பட்டியல், மற்ற 27 மாவட்டங்களுக்கு இன்னொன்று. சித்தப்பா 2020இல் கத்திக்கொண்டிருந்தது இதைத்தான்: திருப்பூருக்கு ஒன்று, தேனிக்கு ஒன்று என்று பார்த்துத் திறங்களேன் என்று.

பள்ளிக்கூடம் மட்டும் இரண்டு ஆட்சியிலும் கடைசிதான். 2021 ஜனவரியில் பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரியில் ஒன்பதும் பதினொன்றும் திறந்தன. மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்றை மறுபடி மூடினார்கள். ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல். மூடிய அதே வகுப்பறைகளில் வாக்குச்சாவடி. நடுவில் தெருத்தெருவாகப் பிரசாரக் கூட்டம். பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, பள்ளிக்கூடத்தால் அரசுக்கு வருமானம் இல்லை, மூடினால் மறியல் செய்ய யாரும் இல்லை. இதைத் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் மூடியதற்குக் காரணம் இருந்தது. பிள்ளைகளிடமிருந்து வீட்டுப் பெரியவர்களுக்குப் பரவும் என்ற பயம் நியாயமானது. ஆனால் 2020 நவம்பரில் தியேட்டரைத் திறந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளாவது, மரத்தடியிலாவது ஐந்தாம் வகுப்பை நடத்தியிருக்கலாம். பத்தொன்பது மாதம் கழித்து வந்த பிள்ளைகளுக்காக மாலை நேரத்தில் தன்னார்வலர்களை வைத்து இல்லம் தேடிக் கல்வி நடத்த வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் ஒரு பையன் மூன்றாம் வகுப்புக்குள் போனபோது முதல் இரண்டு வகுப்பைக் கண்ணாலேயே சரியாகப் பார்க்காதவன். வீட்டில் ஒரே ஒரு போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சித்தப்பாவும் அக்காவும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் முதலில் எதைத் திறப்பீர்கள் என்று கேட்டு வைத்தேன். அக்கா கட்டிலைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். "ஓபி" என்றார். சாதாரண வெளிநோயாளிப் பிரிவு. அந்த வருடம் சர்க்கரைக்காரர்கள் மாத்திரை வாங்க வரவில்லை, காசநோய்க்காரர்கள் வரவில்லை, பஸ் இல்லை, பயம் வேறு. நாட்டில் 2019இல் சுமார் 24 லட்சம் பேருக்குக் காசநோய் பதிவானது, 2020இல் 18 லட்சம்தான். நோய் குறையவில்லை, கண்டுபிடிக்க ஆள் வரவில்லை. "மூடச் சொன்னவ நான்தான். ஆனா எங்க வாசலையும் சேத்துல்ல மூடிட்டாங்க" என்றார்.

சித்தப்பா பள்ளிக்கூடம் என்றார். "ஜெராக்ஸுக்காகச் சொல்லல" என்று உடனே சேர்த்துக்கொண்டார். யாரும் நம்பவில்லை, ஆனால் யாரும் மறுக்கவும் இல்லை.

நான் டாஸ்மாக்கைக் கடைசியில் போட்டேன். "அப்ப வீட்டுக்கு நாலாயிரம்னு குடுத்தாங்களே, அத எங்கருந்து குடுப்ப?" என்று கேட்டார் சித்தப்பா. கேட்க வேண்டிய கேள்வி. 2021இல் முதல் தவணையாக 2,000 ரூபாயை சுமார் 2 கோடி 7 லட்சம் ரேஷன் அட்டைகளுக்குக் கொடுக்கவே 4,150 கோடிக்கு மேல் ஆனது. 2020 ஆகஸ்டில், கொரோனா கடவுளின் செயல், ஜிஎஸ்டி இழப்பீட்டுக்கு மாநிலங்களே கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒன்றிய நிதியமைச்சர் கையை விரித்தார். மாநிலங்கள் சண்டை போட்ட பிறகு, அக்டோபர் நடுவில்தான் மாநிலங்களுக்காக 1.1 லட்சம் கோடியைத் தானே கடன் வாங்க டெல்லி ஒப்புக்கொண்டது. மார்ச் மாதம் நாலு மணி நேரத்தில் மூட முடிந்தவர்களுக்கு, காசு என்று வந்தபோது ஏழு மாதம் தேவைப்பட்டது. அந்தக் காசு ஏப்ரலிலேயே வந்திருந்தால், மே 7 அன்று ஐம்பது வயதுக்காரர்களைக் காலை பத்து மணிக்கு வரிசையில் நிறுத்தியிருக்கத் தேவையில்லை. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அதுவும் நம்ம வரிக் காசுதானடா" என்றார். ஆமாம், அதனால்தான் கேட்கிறோம் என்றேன். ரசம் வந்துவிட்டது, பேச்சு அத்தோடு மாறிவிட்டது.